கடல்நீர் மின்காந்த அலையை விழுங்கிவிடும் என்றால், கடலடிப் பாறையை அதைக் கொண்டே ஆராய்வது எப்படி?

பண்டாரவளையில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கடல்நீர் மின்காந்த அலையை விழுங்கிவிடும், அதனால்தான் நீர்மூழ்கிக் கப்பலோடு சாதாரண வானொலியில் பேச முடியாது என்று பௌதிகவியல் சேர் சொன்னார். ஆனால் கடலுக்கடியில் எண்ணெய், எரிவாயு தேட மின்காந்த முறை இருக்கிறது என்றும் வாசித்தேன். இரண்டும் எப்படி உண்மையாகும்? மன்னார்க் கடலுக்கு அது பொருந்துமா? எங்கள் பக்கத்து மண்சரிவுக்கும் வற்றிப்போன கிணறுகளுக்கும் அந்த முறை உதவுமா?"

உங்கள் சேர் சொன்னது சரி தங்கச்சி. நீங்கள் வாசித்ததும் சரி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: கடல்நீர் அலையை விழுங்குவதால்தான் இந்த முறையே வேலை செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தன்னால் வரும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

முதலில் கணக்கு. மின்காந்தப் புலம் ஒரு கடத்திக்குள் நுழைந்தால் போகப் போக மெலியும். அதன் வீச்சம் 37 சதவீதமாகக் குறைகிற தூரத்தை ஊடுருவல் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பொருளின் தடைத்திறனை, அதாவது அது கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவை, மீடிறனால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503 ஆல் பெருக்கினால் அந்த ஆழம் மீற்றரில் கிடைக்கும். தடைத்திறன் ஓம் மீற்றரிலும் மீடிறன் ஹேட்ஸிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆழ்கடல் நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.3 ஓம் மீற்றர். எஃப்.எம். வானொலியின் 100 மெகாஹேட்ஸைப் போட்டுப் பாருங்கள், 3 சென்ரிமீற்றர்கூட வராது. 10 கிலோஹேட்ஸுக்கு 3 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் சேர் சொல்வது இந்தப் பகுதியைப் பற்றி. மீடிறனை 1 ஹேட்ஸுக்கு இறக்கினால் 275 மீற்றர். 0.25 ஹேட்ஸுக்கு, அதாவது நான்கு செக்கனுக்கு ஓர் அலைவு என்றால், 550 மீற்றர். கடலடி ஆய்வுகள் பெரும்பாலும் நடப்பது 0.1 முதல் 10 ஹேட்ஸ் வரையிலான இந்த மிக மெதுவான பகுதியில்.

இனிப் பாறைக்கு வருவோம். உப்புநீர் ஊறிய கடலடி அடையலின் தடைத்திறன் 1 அல்லது 2 ஓம் மீற்றர். அதே மணற்கல்லின் துளைகளில் உப்புநீருக்குப் பதிலாக எண்ணெயோ எரிவாயுவோ நிறைந்திருந்தால் அது பத்துக்கணக்கில், சில இடங்களில் நூறுக்கும் மேலே போகும். எண்ணெயும் வாயுவும் கரண்டைக் கடத்துவதில்லை, உப்புநீர் நன்றாகக் கடத்தும். துளைகளில் எவ்வளவு நீர், அந்த நீர் எவ்வளவு உப்பு என்பதோடு பாறையின் தடைத்திறனை இணைக்கும் சமன்பாட்டை கஸ் ஆர்ச்சி 1942இல் வெளியிட்டார். எண்ணெய்த் துறையில் இன்றும் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இப்போது கடலடியில் ஓரிடத்தில் 0.25 ஹேட்ஸில் ஒரு புலத்தை உண்டாக்கி, 5 கிலோமீற்றர் தள்ளி ஒரு கருவியை வைப்போம். தூரம் கூடுவதால் இயல்பாக வரும் குறைவைத் தள்ளிவிட்டு, உறிஞ்சப்படுவதை மட்டும் பார்ப்போம். கடல்நீர் வழியே நேராகப் போகும் புலம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 1 ஓம் மீற்றர் அடையல் வழியே போவது ஆயிரத்தில் ஏழு பங்காகும். 50 ஓம் மீற்றர் எரிவாயு மணற்கல் வழியே போவது பாதிதான் குறையும். ஆகவே தூரத்திலுள்ள கருவிக்கு வந்து சேருவதில் நீர் வழியாக வந்தது அநேகமாக ஒன்றுமில்லை, பாறை வழியாக வந்ததே மிச்சம். ரயில் வரும் ஓசை காற்றில் கேட்குமுன் தண்டவாளத்தில் கேட்கும் அல்லவா, அதுபோலத் தூரத்துச் செய்தி இங்கே பாறை வழியாகத்தான் வருகிறது. தரையில் இந்த வசதி கிடையாது. தரையில் மேலே இருப்பது காற்று. காற்று ஒன்றையும் உறிஞ்சாது, அனுப்பியது அப்படியே மேல்வழியாக வந்து கருவியை நிறைத்துவிடும். கடலில் மேலே இருக்கும் நீர் அந்த வழியை அடைத்துத் தருகிறது.

நீர் செய்யும் உதவி இத்தோடு முடியவில்லை. வானில் உண்டாகும் மின்காந்தக் குழப்பங்கள், மனிதர் உண்டாக்கும் இரைச்சல்கள் எல்லாவற்றையும் அது மேலேயே வடிகட்டிவிடும். ஆழ்கடலின் அடி, மின்காந்த அளவீட்டுக்குப் பூமியிலேயே மிக அமைதியான இடங்களில் ஒன்று. நம் மலைகளில் அளவெடுப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். லக்ஷபானப் பக்கமிருந்து வரும் உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே ஒரு சிறிய வோல்ற்றளவை அளக்க முயன்றவர்கள் 50 ஹேட்ஸ் இரைச்சலோடு படும் பாடு சொல்லி முடியாது.

சரி, இதைச் செய்யும் விதம் எப்படி? முதலில் கப்பலிலிருந்து பெறுகருவிகளை ஒவ்வொன்றாகக் கடலில் விடுவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கொங்கிறீற்றுப் பாரம் கட்டப்பட்டிருக்கும், அதன் எடையில் கருவி தானாகவே அடிக்குப் போய் உட்காரும். நான்கு பக்கமும் நீட்டிய கைகளின் நுனிகளில் மின்வாய்கள் இருக்கும். எதிரெதிர் மின்வாய்களுக்கு இடையே 10 மீற்றர் அளவு தூரம். காந்தப்புலத்தை அளக்கச் சுருள்களும் சேர்ந்திருக்கும். மின்வாய்க்கு வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேறு உலோகத்தை உப்புநீரில் போட்டால் அதுவே ஒரு பற்றரிபோல் அலைபாயும் வோல்ற்றளவைத் தந்து, தேடும் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும்.

பிறகு கப்பல் ஒரு நீண்ட கேபிளில் அனுப்பும் கருவியைக் கடலடிக்கு மேலே சில பத்து மீற்றர் உயரத்தில் இழுத்துக்கொண்டு போகும். அதன் பின்னால் 100 முதல் 300 மீற்றர் நீளமான கம்பி, இரு முனைகளிலும் பெரிய மின்வாய்கள். அதன் வழியே சில நூறு முதல் ஆயிரம் அம்பியருக்கும் மேற்பட்ட ஓட்டத்தைத் திசை மாற்றி மாற்றிக் கடல்நீரில் செலுத்துவார்கள். ஆயிரம் அம்பியர் என்றவுடன் மலைத்துப்போகலாம். கடலில் அது முடிவதற்கும் அதே உப்புநீர்தான் காரணம், மின்வாய்க்கும் நீருக்கும் இடையே தடை மிகக் குறைவு. தோட்டத்து மேட்டில் கல்லும் காய்ந்த மண்ணுமாக இருக்கும் இடத்தில் இரும்புக் கோலை அடித்து, சுற்றி உப்புத்தண்ணீர் ஊற்றி, ஓர் அம்பியரை உள்ளே அனுப்புவதற்கே நாங்கள் பாடுபடுவோம்.

இவ்வளவு பெரிய ஓட்டத்தை அனுப்பினாலும் சில கிலோமீற்றருக்கு அப்பால் மின்வாய்களுக்கிடையே கிடைப்பது நானோவோல்ற்று அளவுதான். ஒரு முறை அளந்தால் அதில் ஒன்றும் தெரியாது. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி, வந்ததையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒழுங்கற்ற இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒழுங்கான சமிக்ஞை மேலே எழும். இதற்கு அனுப்பும் கருவியின் கடிகாரமும் ஒவ்வொரு பெறுகருவியின் கடிகாரமும் மிகத் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை ஒன்றை அனுப்புவார்கள். கருவி பாரத்தைக் கழற்றிவிட்டு மிதந்து மேலே வரும். பாரம் அடியிலேயே தங்கிவிடும்.

கடல் அமைதியானது என்றேன், ஆனால் முழு அமைதி இல்லை. உப்புநீர் பூமியின் காந்தப்புலத்தினூடே அசைந்தால் அதிலேயே ஒரு மின்புலம் தூண்டப்படும். மைக்கேல் ஃபரடே 1832இல் இலண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் மின்வாய்களை இறக்கி இதை அளக்கப் பார்த்தார். அன்றைய மின்வாய்கள் இடம் கொடுக்கவில்லை, ஆனால் எண்ணம் சரியானது. இன்று ஆழ்கடல் நீரோட்டங்களும் ஆழமற்ற இடங்களில் அலைகளும் தரும் இந்தப் புலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டியிருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் நீங்கள் படித்த தூண்டல் விதி கடலடியில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சி.

இந்த முறையை முன்னெடுத்ததில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் சார்ள்ஸ் கொக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்குப் பிறகு அங்கே ஸ்டீவன் கொன்ஸ்டபிளும், இங்கிலாந்தில் மார்ட்டின் சின்ஹாவும் அதை வளர்த்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் தேடியது எண்ணெயை அல்ல. நடுக்கடல் மலைத்தொடர்களின் கீழே உருகிய பாறை எங்கே இருக்கிறது, கடலடி ஓடு எவ்வளவு வரண்டது என்பவைதான் அவர்களின் கேள்விகள். எண்ணெய்த் துறை விழித்துக்கொண்டது பிறகுதான். 2000ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வேயின் ஸ்டாட்டொயில் நிறுவனம், அங்கோலாவுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில், எண்ணெய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒரு வயலின் மேல் இதைச் சோதித்துப் பார்த்தது. தெரிந்த இடத்தில் முதலில் சோதித்தது மிக நல்ல முடிவு. எண்ணெய் இருக்கும் பகுதியில் சமிக்ஞை தெளிவாக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இதற்கென்றே தனி நிறுவனம் நோர்வேயில் தோன்றியது.

நில அதிர்வு முறை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஒலி அலையை அனுப்பி அது திரும்புவதைப் பார்க்கும் அந்த முறை, படைகளின் வடிவத்தை மிகக் கூர்மையாகக் காட்டும். மின்காந்தப் புலமோ இந்த மீடிறன்களில் அலைபோல் தெறித்துத் திரும்புவதில்லை, மெல்லப் பரவுகிறது. அதனால் அது தரும் படம் மங்கலாகவே இருக்கும். ஆனால் நில அதிர்வு முறைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. துளைகளில் மிகச் சிறிதளவு வாயு கலந்திருந்தாலே ஒலி பலமாகத் தெறிக்கும். வணிகத்துக்குப் பயன்படாத சிறு வாயுவும் பெரிய எரிவாயு வயலும் கிட்டத்தட்ட ஒரேமாதிரி தோன்றும். தடைத்திறன் அப்படி அல்ல, துளையின் பெரும்பகுதி வாயுவால் நிறைந்தால்தான் அது பெரிதாக எகிறும். ஆழ்கடலில் ஒரு துளையிடும் செலவோடு ஒப்பிட்டால், இந்த வேறுபாட்டைத் துளையிடுமுன் அறிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

இங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும். கருவி அளப்பது தடைத்திறனை. எண்ணெயை அளக்கும் கருவி எதுவும் இல்லை. உப்புப் படை, எரிமலைப் பாறை, நெருக்கமான சுண்ணக்கல், எரிவாயு ஐதரேற்று (வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்தது) எல்லாமே உயர்ந்த தடைத்திறன் உள்ளவை. உயர் தடைத்திறனைக் கண்டதும் எண்ணெய் என்று முடிவுகட்டுவது கூடாது. ஒரே அளவீட்டுத் தொகுதிக்குப் பொருந்தும் பல நிலப்படங்களைக் கணினி வரைந்து தரும். அவற்றில் எது நிலவியலுக்கு ஒத்துவருகிறது என்று தீர்மானிப்பது அந்தப் படுகையின் வரலாற்றை அறிந்த மனிதர்தான். என் பார்வையில் இந்தத் துறையில் மிகக் கடினமான வேலையும் மதிப்பான வேலையும் அதுவே.

மன்னார்க் கடலுக்கு வருவோம். அங்கே 2011இல் டொராடோ, பரக்குடா என்று பெயரிடப்பட்ட இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையின் முதல் கண்டுபிடிப்புகள் அவை. இரண்டும் 1,300 மீற்றருக்கும் அதிகமான நீராழத்தில் இருக்கின்றன. இந்த ஆழம் நம் முறைக்கு உகந்தது. ஆழம் குறைவாக இருந்தால் புலம் மேலே ஏறி, காற்றில் இழப்பின்றிப் பயணம் செய்து, மறுபடி கீழே இறங்கிக் கருவியை அடையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.25 ஹேட்ஸில் 100 மீற்றர் நீர் என்றால் ஏறி இறங்கிய பின்னும் ஏறத்தாழ 70 சதவீதம் மிஞ்சும். 1,500 மீற்றர் என்றால் அரை சதவீதம்கூட மிஞ்சாது. அதனால் நீராழத்தைப் பொறுத்தமட்டில் மன்னாரின் ஆழமான பகுதி நல்ல களம். பாறையைப் பொறுத்தமட்டில் அவ்வளவு இலகு இல்லை. இந்தியாவும் இலங்கையும் விலகத் தொடங்கிய காலத்தில் உருவான அந்தப் படுகையில் எரிமலைப் பாறைப் படைகளும் இருக்கின்றன. அவை எரிவாயுவைப் போலவே உயர் தடைத்திறன் காட்டும். ஆகவே நில அதிர்வுப் படத்தையும் கிணற்றுத் தரவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அங்கே மின்காந்த அளவீட்டை மட்டும் நம்பி ஒரு துளைக்கு இடம் குறிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு நுணுக்கம். எரிவாயுப் படை மெல்லியது, சில பத்து மீற்றர்தான். அதைக் கண்டுபிடிக்க, நிலைக்குத்தாக ஓடும் ஓட்டம் வேண்டும். மேலிருந்து கீழாகப் போகும் ஓட்டத்தை அந்த மெல்லிய படை குறுக்கே நின்று தடுக்கும், அது கருவியில் தெரியும். கிடையாக ஓடும் ஓட்டமோ அந்தப் படையைக் கவனிக்காமல் மேலும் கீழுமாக ஓடிவிடும். இழுத்துச் செல்லும் நீண்ட கம்பி இரு வகை ஓட்டங்களையும் உண்டாக்குவதால் அது எரிவாயுவுக்குப் பொருத்தமானது.

இதற்கு ஓர் அக்கா முறை உண்டு. அதில் நாம் ஒன்றையும் அனுப்புவதில்லை. சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை ஓயாமல் அசைக்கின்றன. உலகெங்கும் விழும் மின்னல்களும் சேர்கின்றன. ஐப்பசி மாதத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஹப்புத்தளை மலைகளில் இடி உருளும்போது, அந்த மின்னல் ஒவ்வொன்றும் நிலத்துக்குள் ஒரு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒருசேர அளந்து, அவற்றின் விகிதத்தை ஒவ்வொரு மீடிறனுக்கும் கணக்கிட்டால் கீழேயுள்ள தடைத்திறன் ஆழத்தோடு எப்படி மாறுகிறது என்று தெரியும். இந்த அடிப்படையை ரஷ்யாவின் திகொனொவ் 1950இலும் பிரான்ஸின் கன்யார் 1953இலும் வகுத்தார்கள். ஆழ்கடலில் மின்னலின் பங்கு கீழே வந்து சேராது, நீர் வடிகட்டிவிடும். மிஞ்சுவது நிமிடக் கணக்கிலும் மணிக்கணக்கிலும் அசையும் மெதுவான பகுதி மட்டுமே. அது மிக ஆழமாகப் போகும், மெல்லிய எரிவாயுப் படையைக் காட்டாது. ஆனால் புவித்தகட்டின் அடியையே காட்டும். நிக்கராகுவாவுக்கு அப்பால் பசிபிக் கடலடியில் இப்படி அளந்தவர்கள், 45 முதல் 70 கிலோமீற்றர் ஆழத்தில் நன்றாகக் கடத்தும் ஒரு படையைக் கண்டு 2013இல் வெளியிட்டார்கள். பகுதியாக உருகிய பாறை அது என்பது அவர்களின் விளக்கம். கோகோஸ் தகடு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. துளையிட்டு ஒருபோதும் எட்ட முடியாத ஆழம் அது.

நம் தீவுக்கு இந்த முறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடான காந்த மத்தியகோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. அதன் மேலே, 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரத்தில், பகல் வேளையில் ஒரு வலுவான மின்னோட்டம் பாய்கிறது. புலம் மேலிருந்து ஒரேசீராக வருகிறது என்ற எடுகோள் அந்த நேரத்தில் உடைந்துவிடும். இரவுத் தரவையும் பகல் தரவையும் பிரித்துப் பார்க்காமல் இங்கே வேலை செய்யக் கூடாது. இன்னொன்றும் உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காந்தமானிகளை வைத்துப் பதிவு செய்தவர்கள், பாக்கு நீரிணைப் பக்கத்தில் தூண்டல் ஓட்டம் வழக்கத்துக்கு மாறாகக் குவிவதைக் கண்டார்கள். கீழே நன்றாகக் கடத்தும் ஒரு பகுதி புதைந்திருக்கிறதா, அல்லது இரு பக்கத்துக் கடல்களின் ஓட்டமும் அந்த ஒடுங்கிய வாயிலால் நெருக்கப்படுவதுதானா என்று இரு விதமாகவும் விளக்கம் சொன்னார்கள். கடலடியிலேயே கருவிகளை வரிசையாக வைத்து அளந்தால் இந்தக் கேள்வியைத் தீர்க்கலாம். நம் பிள்ளைகள் யாராவது அதைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடலடியில் தேடப்படுவது எரிவாயு மட்டுமல்ல, குடிநீரும்தான். அமெரிக்காவின் அத்திலாந்திக் கரைக்கு அப்பால், நியூ ஜேர்சியிலிருந்து மாசச்சூசெட்ஸ் வரை, கடலடியில் உப்புக் குறைந்த நீர் ஏறத்தாழ 2,800 கன கிலோமீற்றர் இருக்கக்கூடும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தபோது மழையும் பனிநீரும் ஊறி அடைபட்ட நீர் அதில் பெரும்பங்கு. நன்னீர் உப்புநீரை விடக் குறைவாகக் கடத்தும் என்ற ஒரே வேறுபாட்டை வைத்துத்தான் அதைக் கண்டார்கள். ஆழம் குறைந்த கடல் என்பதால் கம்பியை அடிக்கு இறக்காமல் மேற்பரப்பிலேயே இழுத்தார்கள். அதே பனியுகத்தில் பாக்கு நீரிணையும் தரையாகத்தான் இருந்தது.

இனி உங்கள் ஊர். மலைநாட்டின் பாறைகள் 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அப்போதே நீரெல்லாம் போய்விட்டது. அதனால் அவற்றில் ஒரு வகையான சார்னக்கைட், வெடிப்பில்லாமல் இருந்தால், அதன் தடைத்திறன் ஆயிரக்கணக்கான ஓம் மீற்றர். மழைநீர் தங்குவது இரண்டே இடங்களில்: மேலே உக்கிப்போன மண்ணும் பாறையும் கலந்த படையில், கீழே பாறை வெடிப்புகளில். உக்கிய ஈரக் களியின் தடைத்திறன் பத்துக்கணக்கிலிருந்து நூறு வரை. இந்த இடைவெளி பெரிது என்பதால் அளவீடு நன்றாக எடுபடும். குழாய்க் கிணறு தோண்டுமுன் இடம் பார்க்கும் தடைத்திறன் அளவீடு இதை நம்பித்தான் நடக்கிறது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் பீலி எந்த வெடிப்பிலிருந்து வருகிறது என்பதைக்கூடச் சில இடங்களில் தொடர்ந்து போய்க் காட்ட முடியும்.

மண்சரிவில் இது என்ன செய்யும்? சரிவின் குறுக்கே ஐம்பது, நூறு மின்வாய்களை நட்டு அளந்தால், தளர்ந்த மண் எவ்வளவு ஆழம், அதனடியில் நீர் எங்கே தேங்குகிறது, கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்று ஒரு குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் மக்களின் லயங்களை மூடிய மண், பழைய சரிவுகளில் வந்து குவிந்திருந்த தளர்ந்த மண்தான். அப்படிப்பட்ட குவியல்கள் மலைநாடெங்கும் இருக்கின்றன, அவற்றின் மேலே வீடுகளும் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன, எவ்வளவு தடிப்பு என்று கண்டுபிடிப்பதில் மின்முறைக்கு உண்மையான பங்குண்டு. எப்போது சரியும் என்பதை அது சொல்லாது. அதற்கு மழைமானியும், வெடிப்பு விரிவதை அளக்கும் கருவியும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையும், எச்சரிக்கை வந்ததும் போய்த் தங்க ஒரு பாதுகாப்பான இடமும் வேண்டும். படம் கையில் இருந்தும் மக்களுக்கு மாற்றுக் காணி இல்லையென்றால் அந்தப் படத்தால் பயனில்லை.

கிணறுகளைப் பற்றிக் கேட்டீர்கள். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப் பாதைக்குள் 2014இன் இறுதியில் பெருமளவு நீர் புகுந்ததும், பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியதும் உங்கள் வீட்டிலேயே பேசப்பட்டிருக்கும். சுரங்கம் நீர் நிறைந்த வெடிப்பு வலயத்தைச் சந்தித்தால் மேலேயுள்ள நீர் அந்த வழியே வடியும். இப்படியான வலயங்களை முன்கூட்டியே தேட, நிலத்தில் பெரிய சுருளை விரித்து ஓட்டத்தைத் திடீரென நிறுத்தி அதன் எதிரொலியை அளக்கும் முறையும், மேலே சொன்ன இயற்கைப் புல முறையும் பயன்படும். நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தை அவை பார்க்கும். ஆனால் செங்குத்தான மலையும் பள்ளமும் ஓட்டத்தின் பாதையைத் திருப்பிவிடும், அதைக் கணக்கில் சேர்க்காத படம் பொய் சொல்லும்.

இன்னொரு பொறி நம் நாட்டுக்கே உரியது: காரீயம், அதாவது பென்சிலில் இருக்கும் கரி. இலங்கையின் காரீயம் உலகப் புகழ் பெற்றது. நரம்பாக ஓடும் காரீயத்தைத் தோண்டி எடுக்கிறார்கள், ஆனால் மலைநாட்டுப் பாறைகள் பலவற்றில் அது பொடிப்பொடியாகவும் கலந்திருக்கிறது. தொடர்ச்சியாக இருந்தால் அது உப்புநீரையே மிஞ்சும்படி கடத்தும். நீர் வலயம் என்று நினைத்த இடம் காரீயப் பட்டையாக இருக்கலாம். மன்னாரில் எரிமலைப் பாறை எரிவாயு வேடம் போடுவதும் மலையில் காரீயம் நீர் வேடம் போடுவதும் ஒரே சிக்கலின் இரண்டு முகங்கள். அதனால் எந்த அளவீட்டோடும் பாறையைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் கூடப் போக வேண்டும்.

படிக்க விரும்பினால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது, மொரட்டுவையில் புவி வளப் பொறியியல் இருக்கிறது. இணைந்த கணிதத்தைக் கைவிடாதீர்கள். இந்தத் துறையில் நுழைபவர்களில் பலர் தடுமாறுவது பாறையில் அல்ல, வகையீட்டுச் சமன்பாடுகளில். ஊரில் யாராவது குழாய்க் கிணற்றுக்கு அளவெடுக்க வந்தால் போய் நின்று பாருங்கள், மின்வாய்களின் இடைவெளியை ஏன் கூட்டிக்கொண்டே போகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அப்புறம் அந்த 503 கணக்கை ஒரு தடவை நீங்களே செய்யுங்கள்: கடல்நீரில் 0.1 ஹேட்ஸுக்கு 870 மீற்றரளவு வர வேண்டும். வராவிட்டால் எழுதுங்கள், எங்கே பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம்.